மலை ஏன் சுண்டைக்காய் ஆயிற்று?

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் கையில் ஒரு காமிராவைக் கொடுத்துப் பாருங்கள். அவன் முதன்முதலில் படம் பிடிப்பது தாயாரையும் அல்ல, தகப்பனாரையும் அல்ல, மலைக்கோட்டையைத்தான். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சமவெளியின் நடுவே, ஏதோ ஒரு பூதம் தூங்கி எழுந்து மறந்துவிட்டுப் போன திண்டைப் போல அந்தப் பாறை கிடக்கிறது. ஊருக்குப் பெயரே அதனால்தான் வந்தது என்பார்கள். ரயிலிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. பள்ளிக்கூடத்து ஜன்னலிலிருந்து பார்த்தாலும் தெரிகிறது. நாயக்கர்கள் அதன்மேல் கோட்டை எழுப்பினார்கள். 1755-ல் ஹைதர் அலி அங்கே பௌஜ்தாராக வந்து அமர்ந்தார். இவ்வளவு பெருமையும் உடைய மலை பையனுடைய படத்தில் எப்படி விழுந்திருக்கிறது? கீழே முக்கால் பங்கு தார்ச் சாலை, மேலே வெறும் வானம், இடையே ஒரு சுண்டைக்காய்!

"ஸார், படம் நல்லா இருக்கா?" என்று அவன் கேட்கிறான்.

இந்தக் கேள்விக்குப் பல வருஷங்களாக நான் பதில் சொல்லி வருகிறேன். பெரும்பாலும் தவறாகவே சொல்லி வந்திருக்கிறேன் என்பதை இப்பொழுது ஒப்புக் கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிய நாட்கள் உண்டு. அது சோம்பேறியின் பதில். "நன்றாயில்லை" என்று சொல்லிக் காரணங்களை அடுக்கிய நாட்களும் உண்டு. அது உபாத்தியாயரின் பதில். இரண்டில் எது அதிகக் கெடுதல் செய்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மல்லிகையை வாங்கி, கூலிக்குத் தொடுத்துக் கொடுப்பது அவன் பாட்டியின் ஜீவனம். பாட்டி வாசல் திண்ணையில் உட்கார்ந்து பூத்தொடுப்பதைத் தன் மாமாவின் கைபேசியில் படம் பிடித்து, கடையில் அச்சுப் போட்டுக் கொண்டு வந்தான். வகுப்பு முழுவதும் சூழ்ந்து நின்றது. நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். "படம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பாட்டியின் தலையிலிருந்து மின்சாரக் கம்பம் முளைத்திருக்கிறது. விரல்கள் மங்கிக் கலங்கிவிட்டன" என்று மூன்று குறைகளையும் வரிசையாக எண்ணிக் காட்டினேன். பிள்ளைகள் கம்பத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று குறைகளும் வாஸ்தவமானவைதாம். ஆனால் அந்தப் பையன் அதற்கப்புறம் ஒரு படமும் கொண்டு வரவில்லை.

பிறகு ஒரு நாள் இரவு எனக்கு உறைத்தது. பூத்தொடுக்கும் கிழவியின் விரல்களை உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அவை கண்ணுக்குத் தென்படுவதே இல்லை. நார் தெரியும், பூத் தெரியும், நடுவில் ஏதோ ஒன்று பறக்கும். கலங்கிய விரல்கள்தாம் அந்தப் படத்தின் உயிர். அதைத்தான் நான் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தேன்.

எனக்குக் காமிராவைப் பழக்கியவர் அப்படிச் செய்யவில்லை. நான் கல்லூரியில் படித்த காலத்தில் பிலிம் சுருள்தான். ஒரு சுருளுக்கு 36 படம். கழுவி அச்சிடுவதற்கு ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஸ்டூடியோக்காரர் அதிகம் பேசாதவர். என் முதல் சுருளின் படங்களை மேஜைமேல் சீட்டுக்கட்டைப் போலப் பரப்பிச் சிறிது நேரம் பார்த்தார். "தம்பி, முப்பத்தாறு படத்திலேயும் நீ ஒரே இடத்திலேதான் நின்னிருக்கே. உனக்குக் கால் எதுக்கு இருக்கு?" என்றார். அவ்வளவுதான். வெளிச்சம், கோணம் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். என் படங்களில் எல்லாக் குற்றமும் இருந்தன. அவர் ஒன்றைத்தான் சொன்னார். அது மறுநாளே நான் செய்து பார்க்கக் கூடியதாக இருந்தது. அடுத்த சுருளில் நான் முழங்காலிட்டேன், படிமேல் ஏறினேன், ஒரு முறை சாக்கடையிலும் காலை விட்டேன்.

இந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தின் முறையை மாற்றினேன். இப்பொழுது படத்தைப் பெஞ்சின்மேல் வைப்போம். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள், "முதலில் என் கண் எங்கே போயிற்று" என்பதை மட்டும் சொல்ல வேண்டும். நல்லது கெட்டது என்ற பேச்சே கிடையாது. பாட்டியைப் படம் பிடித்தவன், எல்லோருடைய கண்ணும் மின்சாரக் கம்பத்துக்குப் போகிறது என்று தானே கேட்டுக் கொள்வான். நாம் கம்பத்தைப் பரிகசிக்க வேண்டிய அவசியமில்லை. அதன் பிறகே எடுத்தவர் தாம் காட்ட விரும்பியது இன்னதென்று சொல்லலாம். அவர் காட்ட நினைத்ததற்கும் மற்றவர் கண்டதற்கும் எவ்வளவு தூரமோ, அவ்வளவுதான் அடுத்த வாரத்து வேலை. அதே இடத்துக்குப் போய் அதையே மறுபடி எடுத்து வர வேண்டும்.

சுண்டைக்காய் மலைக்கும் இப்படித்தான் வைத்தியம் நடந்தது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் புளிய மரத்தருகே நின்று மலையை எடுத்திருந்தான். பார்த்த பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் மரத்தைச் சொன்னார்கள். ஒருவன் ஆட்டுக்குட்டியைச் சொன்னான். மலையைச் சொன்னவன் ஒருவனே. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பொழுது கணக்கு கை கொடுத்தது. கைபேசியின் சாதாரண லென்ஸ் அகன்ற பார்வை உடையது; அருகிலிருப்பதைப் பெரிதாக்கித் தூரத்திலிருப்பதை மிகச் சிறிதாக்கிவிடும். மரத்திலிருந்து 20 அடியில் நிற்பவன் 200 அடிக்குப் பின்வாங்கினால் மரம் பத்தில் ஒரு பங்காகக் குறுகும். ஒரு மைலுக்கு அப்பால் இருக்கும் மலையோ அநேகமாக அப்படியே இருக்கும். பின்வாங்கிய பிறகு லென்ஸைப் பெருக்கிப் பிடித்தால் மரத்துக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். மலையைப் பெரிதாகக் காட்ட அதைவிட்டு விலகிப் போக வேண்டும் என்றதும் பையன்கள் என்னை நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை நம்பினார்கள். (கைபேசியில் அளவுக்கு மீறிப் பெருக்கினால் படம் பிசிறு தட்டும் என்பதையும் அன்றே கண்டு கொண்டார்கள்.)

பிறர் கண்ணுக்குப் படத்தை உட்படுத்தும் வழக்கம் புதியதன்று. சென்னையில் 1850-களிலேயே போட்டோக் கலைக்காக ஒரு சங்கம் இருந்தது. லண்டன் பத்திரிகை ஒன்று 1887-ல் நடத்திய விடுமுறைப் போட்டிக்கு, ஜெர்மனியில் படித்துக் கொண்டிருந்த 23 வயது அமெரிக்க இளைஞன் ஒருவன் இத்தாலியில் எடுத்த படங்களை அனுப்பினான். கிராமத்துக் குழந்தைகள் எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று அவற்றில் இருந்தது. நடுவராக இருந்த எமர்ஸன் என்பவர், அலங்காரமாக நிற்க வைத்து எடுக்கும் படங்களைக் கண்டாலே சீறுகிறவர். அவர் முதற் பரிசை அந்தச் சிரிப்புக்குக் கொடுத்தார். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற அந்த இளைஞன் பிற்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகை நடத்தி, தன்னைவிட இளையவர்களின் படங்களை உலகம் பார்க்கும்படி செய்தான்.

ஆனால் படம் பார்ப்பதைப் பற்றி நினைக்கும்போது எனக்கு நினைவு வருவது நடுவர் யாருமல்ல, மகாத்மா காந்திதான். 1948 ஜனவரி 30-ந் தேதி பிற்பகல், பிரெஞ்சுக்காரரான ஆன்ரி கார்ட்டியே பிரஸ்ஸோன் டில்லி பிர்லா மாளிகையில் காந்திஜியைச் சந்தித்துத் தமது படங்கள் அடங்கிய புத்தகத்தைக் கொடுத்தார். காந்திஜி ஒன்றும் பேசாமல் நிதானமாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கொண்டே வந்தார். பால் கிளாடல் என்ற கவிஞர் சவ வண்டி ஒன்றைப் பார்த்துக் கொண்டு நிற்கும் படம் வந்ததும் கை நின்றது. இதன் பொருள் என்ன என்று கேட்டார். வாழ்வையும் மரணத்தையும் பற்றி ஓயாமல் சிந்திக்கும் கவிஞர் அவர் என்று பிரஸ்ஸோன் விளக்கினார். காந்திஜி சற்று யோசித்து, மரணம் என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். பிரஸ்ஸோன் விடை பெற்றுச் சென்ற சிறிது நேரத்துக்கெல்லாம் பிரார்த்தனைக்கு நடந்து போன மகாத்மாவின்மேல் குண்டுகள் பாய்ந்தன. திரும்பி ஓடி வந்த பிரஸ்ஸோன், வாசற் கதவருகே நேருஜி துயரச் செய்தியை ஜனங்களுக்குச் சொல்லும் காட்சியை அன்றிரவு படம் பிடித்தார்.

உலகப் புகழ் பெற்ற ஒருவரின் புத்தகத்தைக் கையில் வாங்கியவர் உபசார வார்த்தை ஒன்று சொல்லிவிட்டு மூடி வைத்திருக்கலாம். காந்திஜி முழுவதையும் பார்த்தார், தம்மை நிறுத்திய இடத்தில் நின்றார், கேட்டார். எங்கள் பெஞ்சைச் சுற்றி உட்காரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளால் செய்ய முடியாத காரியம் அல்ல அது.

இன்னும் ஒருவகை விமர்சகர் உண்டு, படத்தில் இருப்பவர். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊரை ஒட்டிய பூட்டுப் பட்டறை ஒன்றுக்குப் போனாள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் கையால் பூட்டுச் செய்கிறவர்கள் வரவர அருகி வருகிறார்கள். பட்டறைப் பெரியவர் அவளை உட்காரச் சொல்லி, மாங்காய்ப் பூட்டு ஒன்றைத் திறந்து காட்டினாராம். அவள் எடுத்த படத்தை எங்கள் கூட்டம் ஏகமனதாகப் புகழ்ந்தது. நரைத்த மீசை, சுருக்கம் விழுந்த நெற்றி, அழகான முகம். அவள் அதைப் பெரியவரிடமே கொண்டு போய்க் காட்டினாள்.

"பாப்பா, என் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் பூட்டு செய்யறவனா, புரோட்டா கடைக்காரனான்னு இதிலே தெரியலையே? கை எங்கே போச்சு?"

மறு வாரம் அரம் பிடித்த கையுடன் எடுத்தாள். அதற்கும் பெரியவர் தலையை ஆட்டினார்.

"நீ சொன்னேன்னு அரத்தைச் சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தேன். ராவியிருந்தா பித்தளைத் தூள் விழுந்திருக்குமே! தூள் எங்கே?"

எங்களில் ஒருவருக்கும், அடியேனையும் சேர்த்துத்தான், தூள் இல்லை என்பது தெரியவில்லை. மூன்றாம் முறை அவள் அரை நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். முன்பு வாசற்புறத்தை அவர் முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்ததால் முகம் இருண்டு போயிருந்தது. இப்பொழுது வாசல் தன் பக்கவாட்டில் இருக்கும்படி நகர்ந்து உட்கார்ந்தாள். பட்டறையில் வெளிச்சம் போதாத போது காமிரா தன் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் கை சிறிது நடுங்கினாலும் படம் முழுதும் கலங்கும். ஆகவே கைபேசியை ஒரு மரப்பெட்டியின்மேல் சாய்த்து வைத்துக் கொண்டாள். பெட்டி அசையவில்லை, பெரியவரின் கை அசைந்தது. கை மட்டும் லேசாகக் கலங்க, பித்தளைத் தூள் சன்னமாக மின்ன, அவர் அவளை மறந்து வேலையில் குனிந்திருந்தார். படத்தைக் கண்டதும் பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சுவரில் மாட்ட ஒரு பிரதி கேட்டார். சனிக்கிழமைக் கூட்டத்திலோ, நாலு பேரின் கண் பின்னாலிருந்த மளிகைக் கடைக் காலண்டருக்குப் போயிற்று! அதுவும் உண்மைதான்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. கைபேசியில் படத்தை ஏற்றிய ஐந்து நிமிஷத்தில் நாற்பது கட்டைவிரல்கள் உயர்ந்துவிடுகின்றன. அத்தை, பெரியப்பா, அடுத்த வீட்டு மாமி எல்லோருடைய விரலும் அதில் உண்டு. அந்த நாற்பது பேரில் ஒருவராவது படத்தில் தூள் இல்லை என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. குழந்தைகள் படம் எடுக்க ஆசைப்பட்டால் விலை உயர்ந்த காமிரா வாங்கித் தரும் பெற்றோரும் உண்டு. வீட்டில் இருக்கும் கைபேசியே போதும். வாரத்துக்கு ஒரு படத்தை அச்சிட்டு வந்து, சாப்பாடு முடிந்ததும் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். பக்கத்து மதுரைச் சீமையிலிருந்து வந்த எம். பழனிகுமார், துப்புரவுத் தொழிலாளரின் வாழ்க்கையைப் படம் பிடித்தவர். 2022-ல் தயானிதா சிங் பெயரால் அளிக்கப்படும் ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர். அவர் இன்று மீனவர் வீட்டுக் குழந்தைகளுக்கும் உழைப்பாளிகளின் குழந்தைகளுக்கும் படம் எடுக்கக் கற்றுக் கொடுக்கிறார். தங்கள் தாய் தகப்பனாரின் வேலையை எடுக்கும் பிள்ளைகளுக்கு, பட்டறைப் பெரியவரைப் போன்ற விமர்சகர்கள் வீட்டிலேயே இருப்பார்கள்.

போன பொங்கலுக்கு அந்தப் பூக்காரப் பாட்டியின் பேரனைக் கடைத்தெருவில் பார்த்தேன். கோயமுத்தூரில் ஏதோ கம்பெனியில் வேலையாக இருக்கிறான். பாட்டி முந்தின வருஷம் காலமாகிவிட்டதாகச் சொன்னான். தயங்கித் தயங்கி, அந்தத் திண்ணைப் படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அன்னிக்கே அழிச்சுட்டேன் ஸார்" என்றான். அதைக் கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அச்சுப் போட்ட பிரதி என்னிடம் இருக்கக் கூடுமோ என்று வீட்டில் இரண்டு நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

அவன் தங்கை இப்பொழுது எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு. சென்ற சனிக்கிழமை தன் முதல் படத்தை எடுத்துக் கொண்டு வந்தாள். மலைக்கோட்டைதான், கீழே தார்ச் சாலை, மேலே வானம், நடுவில் சுண்டைக்காய். "நல்லா இருக்கா ஸார்?" என்றாள். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக் கொண்டு, படத்தைப் பெஞ்சின்மேல் வைக்கச் சொன்னேன்.