வானிலிருந்து நிலத்தைப் படித்தல்

மலாக்கா மாநிலத்தின் செங் வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்துள்ளன. முன்பு இச்சுற்றுப்புறத்தில் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. அந்த நிலம் எவ்வாறு மாறியது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்த முதியவர்கள் நினைவிலிருந்து கூறுவர். அம்மாற்றத்திற்கு மற்றொரு சாட்சியும் உண்டு. அதுதான் விண்ணில் சுற்றும் துணைக்கோள்.

ஒரு பொருளைத் தொடாமல் தொலைவிலிருந்தே அதைப் பற்றிய தகவல்களைத் திரட்டுவது தொலையுணர்வு எனப்படும். நிலத்தை ஆராய்வதற்காக அமெரிக்கா 1972ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் லேண்ட்சாட் 1 துணைக்கோளை ஏவியது. அவ்வரிசை இன்றும் தொடர்கிறது. லேண்ட்சாட் 8, லேண்ட்சாட் 9 ஆகிய இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம்பிடிக்கின்றன. அப்படத்தின் ஒரு புள்ளி, தரையில் 30 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட இடத்தைக் குறிக்கும். இப்படங்கள் 2008 முதல் அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன.

தாவரத்தின் நிலையைத் துணைக்கோள் எவ்வாறு அறிகிறது? இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது. அதே இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீட்டெண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு தோப்பு அகச்சிவப்பில் 50 விழுக்காட்டையும் சிவப்பில் 10 விழுக்காட்டையும் திருப்பி அனுப்பினால், 40ஐ 60ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 0.67. இவ்வெண் 1ஐ நெருங்கினால் பசுமை அடர்த்தி. 0வை ஒட்டினால் வெறும் மண்.

ரப்பரையும் செம்பனையையும் பிரித்தறிய ஒரே நாளில் எடுத்த படம் போதாது. ரப்பர் மரம் ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட காலத்தில் இலை உதிர்க்கும். அப்போது பாலும் குறையும். பால்மரம் சீவியவர்கள் இதை நன்கு அறிவர். செம்பனையோ ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும். ஆகவே, பல மாதப் படங்களை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும்.

நம் நாட்டில் மேகம் பெரும் தடையாகும். ரேடார் அலைகள் மேகத்தை ஊடுருவுவதால், ரேடார் துணைக்கோள்கள் இதற்குக் கைகொடுக்கின்றன. மலேசியாவில் 1988இல் தொலையுணர்வு மையம் தொடங்கப்பட்டது. அப்பணியை 2019 முதல் மலேசிய விண்வெளி நிறுவனம் ஏற்று நடத்துகிறது.

எனினும், படம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. ஒரு தோட்டத்தில் பசுமை மறைந்ததை அது காட்டும். மறுநடவுக்காக மரங்கள் வெட்டப்பட்டனவா, வீடுகள் கட்டவா என்பதை நேரில் சென்றுதான் உறுதிசெய்ய வேண்டும். அங்கிருந்த லயத்து வீடுகளில் யார் வாழ்ந்தனர், பின்னர் எங்கே சென்றனர் என்பதையும் படம் கூறாது. அதை மனிதர்களிடம்தான் கேட்டறிய வேண்டும். வானத்துப் பதிவும் மக்களின் நினைவும் இணையும்போதுதான் ஒரு நிலத்தின் வரலாறு முழுமை பெறும்.