பச்சைப் பாலும் பாதுகாப்பான பாலும்

ஐரோப்பாவில் பண்ணை வீடுகளில் வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவு என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மாட்டுத் தொழுவத்தின் நெருக்கம் இதற்கு ஒரு காரணம். பண்ணையில் கறந்த பாலைச் சிறு வயதிலேயே பருகுவது இன்னொரு காரணமாக இருக்கலாம். இதைக் கேள்விப்படும் பெற்றோர், 'அப்படியானால் பாலைக் காய்ச்சாமலே கொடுக்கலாமா?' என்று கேட்பது இயல்பு. கூடாது என்பதே என் விடை. ஆனால், அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடவும் கூடாது.

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் ஊரகப் பகுதிகளில் 8,334 பள்ளிச் சிறாரிடம் நடத்தப்பட்ட 'கேப்ரியேலா' ஆய்வின் முடிவு 2011-இல் வெளிவந்தது. பச்சைப் பால் குடித்த சிறாரிடம் ஆஸ்துமா குறைவாக இருந்தது. பண்ணைப் பாலையே காய்ச்சிக் குடித்தவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. பாலில் இருந்த மொத்தப் பாக்டீரியாக்களின் அளவுக்கும் ஆஸ்துமாவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை. தொடர்பு காணப்பட்டது 'வே' புரதங்களோடு, அதாவது பால் திரிந்தபின் பிரியும் நீரில் தங்கும் புரதங்களோடு.

இந்தப் புரதங்கள் வெப்பம் தாங்காதவை. 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி சூடாக்கும் பாஸ்டுரைசேஷன் முறையில் அவற்றின் பெரும்பகுதி தப்பிவிடுகிறது. 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கி, மாதக்கணக்கில் கெடாமல் அட்டைப் பெட்டியில் விற்கப்படும் பாலில் பெரும்பகுதி உருமாறிவிடுகிறது. வீட்டில் பொங்கக் காய்ச்சினாலும் ஏறக்குறைய அதே கதிதான்.

பொருளியலில் முனைவர் பட்டம் பெற்றுக் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். உடன்நிகழ்வது எல்லாம் காரணம் ஆகிவிடாது. பச்சைப் பால் குடிக்கும் குடும்பங்கள் வாழிடத்திலும் உணவிலும் பிறரிடமிருந்து வேறுபட்டவை. நோயுள்ள குழந்தைக்குப் பச்சைப் பாலைப் பெற்றோர் முன்கூட்டியே நிறுத்தியிருந்தாலும் கணக்கில் இதே தோற்றம் வரும். புள்ளியியல் திருத்தங்கள் இந்த ஐயத்தைக் குறைக்குமே தவிர, அறவே போக்கிவிடா.

மறுபுறம், பச்சைப் பாலின் ஆபத்து ஐயத்துக்கு இடமற்றது. மாட்டுக் காசநோய், புருசெல்லா காய்ச்சல், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் ஒருவகை ஈ.கோலை தொற்று ஆகியவை அதன் வழியே பரவும். அதனால்தான் 1908-இல் சிகாகோ நகரம் பாஸ்டுரைசேஷனைக் கட்டாயமாக்கியது. உறுதியாகாத நன்மைக்காக உறுதியான தீங்கை விலைகொடுத்து வாங்குவது அறிவுடைமை ஆகாது. பாலே ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கோ பச்சைப் பாலால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஒவ்வாமை தரும் அதே புரதங்கள் அதிலும் உள்ளன.

ஆகவே, சரியான கேள்வி பச்சைப் பாலா, பதப்படுத்திய பாலா என்பதன்று. கிருமிகளை முற்றிலும் அழித்து, புரதங்களைக் கூடியவரை காக்கும் மென்மையான பதனம் குழந்தைகளுக்குப் பயன் தருமா என்பதே. இதற்கு விடை தரவல்லது சோதனை மட்டுமே. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மென்பதனப் பாலும் மற்றொன்றுக்கு வழக்கமான கடைப் பாலும் தர வேண்டும். எந்தப் பால் யாருக்கு என்பது பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. ஜெர்மனியின் மியூனிக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் எரிகா ஃபான் மூட்டியஸ் தலைமையில் தொடங்கப்பட்ட 'மார்த்தா' ஆய்வு இத்தகையதே.

இத்தகைய சோதனைகள் அரிதாக இருப்பதற்குப் பொருளியல் காரணம் உண்டு. மருந்தைக் காப்புரிமை காக்கிறது. பாலுக்கு அது இல்லை. நீண்ட நாள் கெடாத பால் வணிகருக்குப் போக்குவரத்துச் செலவையும் வீணாவதையும் குறைக்கிறது. அதனால் குழந்தை ஏதேனும் நன்மையை இழக்கிறதென்றால், அந்த இழப்பு எந்த நிறுவனத்தின் வரவு செலவிலும் ஏறுவதில்லை. சந்தை கேட்காத கேள்வியைப் பொதுப்பணம்தான் கேட்க வேண்டும். உலகிலேயே மிகுதியாகப் பால் உற்பத்தி செய்யும் இந்தியா, இந்த ஆய்வில் முதலீடு செய்யத் தயங்கலாகாது.

அதுவரை நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் காய்ச்சிய பாலே தகும். 'கறந்தபடியே' என்ற விளம்பரச் சொல்லை நம்பி அடுப்பை அணைத்துவிட வேண்டாம்.