நஞ்சை அறுவடை செய்யும் செடிகள்

நான் வாழும் வாலிகண்டபுரத்தில், மக்காச்சோளம் அறுத்த நிலத்துக்கு உழவர் மீண்டும் எரு இடுவர். விளைச்சலோடு மண்ணின் சத்தும் வெளியேறுகிறது என்பதை அவர்கள் அறிவர். அவ்வாறே மண்ணிலுள்ள நஞ்சையும் செடியைக்கொண்டு வெளியேற்றலாம் அன்றோ?

ஈயம், காட்மியம் முதலிய உலோகங்கள் மட்கி அழிவதில்லை. மண்ணை வெட்டி அகற்றுவதோ ஏழை நாடுகளுக்குத் தாளாத செலவு. ஆனால் சில தாவரங்கள் உலோகத்தை வேரால் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்க்கின்றன. நியூ கலிடோனியாத் தீவிலுள்ள ஒரு மரத்தின் உலர்ந்த பாலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிக்கல் இருப்பதை 1976-இல் அறிஞர்கள் வெளியிட்டனர். நம் கடுகுச் செடியும் காட்மியத்தை ஓரளவு ஈர்க்கும்.

ஆயினும் இம்முறைக்கு எல்லை உண்டு. இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவை விட்டுச்சென்றது. அத்தகைய குவியலில் செடி வேரூன்றுவதே அரிது; உறிஞ்சப்படும் குரோமியமும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். குவியலைப் பொறியியல் முறையில்தான் அகற்றவேண்டும். மாசு குறைந்த சுற்றுநிலத்தில் செடிகள் மண்ணைப் பற்றிநின்று, நஞ்சு காற்றிலும் நீரிலும் பரவுவதைக் குறைக்கும்.

மாணவர்களே, அறுத்த செடிக்குள் நஞ்சு இடம்மாறியிருக்கிறதே தவிர மறைந்துவிடவில்லை. அதை மாட்டுக்கு இடலாகாது, அடுப்பில் எரிக்கலாகாது. அந்நிலத்துக் கடுகைத் தாளிக்கவும் ஆகாது.