கரிசல் மழையின் பழைய கணக்கு கப்பல் ஏடுகளில் இருக்கிறது

1799 செப்டம்பர் 5. பானர்மேன் தலைமையில் வந்த கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கிய நாள். அடுத்த மாதம் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இந்த இரண்டு தேதிகளும் கோவில்பட்டியைச் சுற்றிய இந்தக் கரிசல் சீமையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த ஐப்பசியில் கரிசலில் மழை விழுந்ததா, புழுதியில் போட்ட விதை முளைத்ததா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. மழைமானி வைத்து மழையை அளக்கும் வழக்கம் இந்தப் பக்கம் வருவதற்கு அப்போது இன்னும் வெகுகாலம் இருந்தது.

நிலத்தில் இல்லாத அந்தக் கணக்கின் ஒரு பகுதி கடலில் எழுதப்பட்டது. கோட்டையை முற்றுகையிட்ட அதே கும்பினியின் கப்பல்கள் அந்த நாட்களில் அட்லாண்டிக்கிலும் இந்தியப் பெருங்கடலிலும் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு கப்பலிலும் ஓர் அதிகாரி நாள்தோறும் ஒரு பெரிய ஏட்டைத் திறந்து, காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது, எவ்வளவு வேகம், வானம் எப்படி, மழை உண்டா, கப்பல் எங்கே நிற்கிறது என்று எழுதினார். மாலுமிகள் இதை லாக் புக் என்பார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் இத்தகைய ஏடுகள் ஏறக்குறைய 4,000 இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. 1600-களின் தொடக்கத்திலிருந்து, கம்பெனி வணிகத்தை நிறுத்திய 1834 வரை அவை நீள்கின்றன. இன்றைய காலநிலை ஆய்வாளர்களுக்கு இவை பெரும் புதையல்.

தட்பவெப்ப வரலாற்றுக்காக யாரும் இவற்றை எழுதவில்லை. கரை தெரியாத கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறிய வேறு வழி கிடையாது என்பதால் எழுதினார்கள். நண்பகலில் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகைதான் பாடு. முடிச்சுப் போட்ட நீளக் கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் விட்டு, அரை நிமிட மணல் கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்து போயின என்று எண்ணி வேகத்தைப் பிடிப்பார்கள். வேகம், திசைகாட்டி காட்டிய திசை, காற்று கப்பலைத் தள்ளிய அளவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து இடத்தைக் குறிப்பார்கள். காற்றைத் தவறாக எழுதினால் கப்பல் பாறையில் போய் மோதும். அந்த ஏடுகளில் காற்றின் கணக்கை நம்பலாம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

1790-களை ஒட்டி இன்னொரு மாற்றம் வந்தது. இளம் வயதில் சென்னையில் கம்பெனி எழுத்தராக வேலை பார்த்த அலெக்சாண்டர் டால்ரிம்பிள், பிறகு கம்பெனியின் கடல்வரைபட அதிகாரி ஆனார். வெப்பமானியும் காற்றழுத்தமானியும் வைத்து அளந்து எழுதும்படி கப்பல் தலைவர்களை அவர் தூண்டினார். அதனால் 1789 முதல் 1834 வரையிலான ஏடுகள் பலவற்றில் காற்றோடு வெப்பநிலையும் அழுத்தமும் எண்களாகவே இருக்கின்றன. பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தைச் சேர்ந்த பிலிப் புரோஹனும் கூட்டாளிகளும் அப்படிப்பட்ட 891 ஏடுகளைக் கணினியில் ஏற்றி, சுமார் 2,73,000 வானிலைப் பதிவுகளைத் திரட்டி 2012-இல் வெளியிட்டார்கள். 1809-இல் எங்கோ வெடித்த, இன்னும் இடம் தெரியாத ஓர் எரிமலையும், 1815-இல் இந்தோனேசியாவில் வெடித்த தம்போராவும் வெப்பமண்டலக் கடல்களை எந்த அளவு குளிர வைத்தன என்று அந்தத் தரவில் தேடினார்கள். குளிர்ச்சி இருந்தது, ஆனால் மிதமானதுதான். எரிமலை வெடித்தால் பூமி எவ்வளவு குளிரும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளை உரசிப் பார்க்க இந்த ஏடுகள் உரைகல் ஆயின.

படிப்பது அத்தனை எளிதல்ல. கப்பல் நாள் நண்பகலில் தொடங்கி நண்பகலில் முடியும். ஏட்டில் செப்டம்பர் 5 என்று இருந்தால், அதன் முதல் பாதி நம் கணக்குக்கு 4-ஆம் தேதி பிற்பகல். இது தெரியாமல் எடுத்தால் புயல் ஒரு நாள் தள்ளிப் போய்விடும். தீர்க்கரேகையை ஒவ்வொரு நாட்டாரும் வேறு வேறு இடத்திலிருந்து எண்ணினார்கள். கப்பல் தெரிந்த கரை ஒன்றைக் கண்ட நாளை வைத்து, பல நாள் பாதையைப் பின்னோக்கித் திருத்த வேண்டும். வெப்பமானியை அறைக்குள் தொங்கவிட்டவரும் உண்டு. அது வெளிக்காற்றைக் காட்டாது. காற்றின் வேகத்துக்கு எண்ணே கிடையாது. பூஜ்யம் முதல் பன்னிரண்டு வரையுள்ள போஃபர்ட் அளவையை பிரிட்டிஷ் கடற்படை கட்டாயமாக்கியது 1838-இல்தான். அதற்கு முன் எல்லாம் சொற்கள்: மென்காற்று, நல்ல காற்று, பலத்த காற்று, பெருங்காற்று. எத்தனை பாய்களைச் சுருட்டினார்கள் என்பதை வைத்து அந்தச் சொற்களை எண்ணாக்க வேண்டும். 2000 முதல் 2003 வரை ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதைத்தான் செய்தார்கள். ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நாடுகளின் ஏடுகளை எடுத்துக்கொண்டு, நான்கு மொழிக் காற்றுச் சொற்களுக்கும் ஓர் அகராதியே தொகுத்து, 1750 முதல் 1850 வரை 2,80,000-க்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுவில் வைத்தார்கள். அந்தப் பொறுமையை மெச்சத்தான் வேண்டும்.

சரி, கோவில்பட்டிக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் இதில் என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. இங்கே ஆண்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையை ஒட்டி விழுவது. ஆறு கிடையாது, பெரிய அணை கிடையாது, முழுக்க மானாவாரி. புரட்டாசியில் புழுதி விதைப்பு விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பவர்களுக்கு, மழை பத்து நாள் முந்துவதும் பிந்துவதும் ஒரு வருஷத்துப் பிழைப்பு. அந்த மழையைக் கொண்டுவருவது வங்கக்கடலின் மேல் வரும் கொண்டலும் வாடையும், அங்கே உருவாகும் தாழ்வுகளும் புயல்களும். கடல் மேல் காற்று என்றைக்குத் திரும்பியது என்று தெரிந்தால், கரிசலில் பருவம் என்றைக்குத் தொடங்கியிருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். தென்மேற்குப் பருவத்துக்கு இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கப்பல்கள் குறித்த காற்றுத் திசையை மட்டும் கொண்டு, இந்தியாவில் அந்தப் பருவமழை தொடங்கிய காலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பின்னோக்கித் தேடினார்கள்.

நம் பருவத்துக்கு அப்படிச் செய்யப் போனால் ஒரு பள்ளம் குறுக்கே வருகிறது. சென்னையில் அப்போது கட்டிய துறைமுகம் இல்லை, திறந்த கரைதான். அக்டோபர் 15 வந்தால் புனித ஜார்ஜ் கோட்டையில் கொடியை இறக்கிவிடுவார்கள். திரும்ப ஏற்றுவது டிசம்பர் 15-இல். அந்த இரண்டு மாதமும் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்கக் கூடாது என்பது அதன் பொருள். போர்க்கப்பல்கள் பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ போய் ஒதுங்கும். காரணம் அனுபவம். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபரில் அடித்த ஒரே புயலில் தன் கப்பல்களைப் பறிகொடுத்தார். 1761 ஜனவரி 1-ஆம் தேதி புதுச்சேரியை முற்றுகையிட்டு நின்ற பிரிட்டிஷ் கப்பல்கள் பல புயலில் மூழ்கின. ஏறக்குறைய 1,100 பேர் செத்தார்கள். ஆக, எந்த இரண்டு மாதத்தில் கரிசலுக்கு உயிர் வருகிறதோ, அந்த இரண்டு மாதத்தில்தான் கரையோரக் கப்பல்கள் இல்லை, ஏடுகளும் மெலிந்துவிடுகின்றன. நடுக்கடலில் கல்கத்தாவுக்கும் சீனத்துக்கும் போன கப்பல்கள்தான் கைகொடுக்கின்றன. நீராவிக் கப்பல் வந்து, 1869-இல் சூயஸ் கால்வாயும் திறந்த பிறகே ஆண்டு முழுதும் பதிவு தடிக்கிறது. உலக அளவில் இந்த ஏடுகளைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பள்ளத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நமக்கு அதுதான் முதல் கேள்வி.

புயலைப் பொறுத்தவரை ஒரு நல்ல முன்னோடி உண்டு. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், 1839 முதல் ஒவ்வொரு புயலுக்கும் அதில் சிக்கிய கப்பல்களின் ஏடுகளைத் தேடி வாங்கிப் படித்தார். நம் பக்கத்துக் கடலில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கம் இருக்கும். நான்கு கப்பல்கள் ஒரே நேரத்தில் குறித்த காற்றுத் திசைகளைக் கடல் வரைபடத்தில் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் இடப்பக்கம் கோடு இழுத்தால், கோடுகள் வெட்டும் இடத்தில் புயலின் நடு இருக்கும். நாளுக்கு ஒரு புள்ளி வைத்தால் புயல் போன பாதை வந்துவிடும். செயற்கைக்கோளுக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே வங்கக்கடல் புயல்களின் தடம் இப்படித்தான் வரையப்பட்டது. சைக்ளோன் என்ற பெயரை 1848-இல் வைத்தவரும் அவரே. இன்று அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள், கப்பல்களும் கரை நிலையங்களும் குறித்த காற்றழுத்தத்தைக் கணினி மாதிரிக்குள் செலுத்தி, 1836 முதல் உலக வானிலையை நாள்வாரியாகத் திரும்பக் கட்டியிருக்கின்றன. பிடிங்டன் கையால் செய்ததன் பெரும் வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

தாது வருஷத்துப் பஞ்சத்தையும் இந்தப் பதிவுகளின் வழியே பார்க்க முடிகிறது. 1876-இல் தென்னிந்தியாவில் மழை பொய்த்துப் பஞ்சம் தொடங்கியது. கடல்நீரை வாளியில் மொண்டு வெப்பமானியை விட்டு அளந்து எழுதும் பழக்கம் அப்போது பரவலாகியிருந்தது. அந்த எண்களைக் கொண்டு 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1870 முதல் 1876 வரை வெப்பமண்டலப் பசிபிக் குளிர்ந்து கிடந்ததையும், 1877-இல் அதே கடல் சூடேறி மிகக் கடுமையான எல் நினோ எழுந்ததையும், இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் அதே ஆண்டில் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியதையும் காட்டியது. வடகிழக்குப் பருவத்துக்கு எல் நினோ பெரும்பாலும் சாதகம். பசிபிக் குளிர்ந்தால்தான் நமக்கு ஆபத்து. 2016-இல் தமிழகத்தில் அந்தப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்து கரிசல் கருகியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இத்தகைய வறட்சி எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை வரும் என்பதை நூறு ஆண்டுப் பதிவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இருநூறு, முந்நூறு ஆண்டுகள் வேண்டும். வெள்ளத்துக்கும் இதே நிலைதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; அதற்குப் புயல்கூடக் காரணமில்லை, குமரிக்கடல் மேல் நின்ற ஒரு காற்றுச் சுழற்சிதான். இது புதிதா, முன்பும் நடந்ததா என்று கேட்கும் உரிமை இங்கே வெள்ளத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் உண்டு.

கும்பினி தன் லாபத்துக்காக எழுதிய ஏடுகள்தான் அவை. இந்த மண்ணின் வரியும் பருத்தியும் சுமந்த கப்பல்களின் கணக்கு என்பதால், அவற்றில் நமக்கும் பாத்தியதை இருக்கிறது என்றே நினைக்கிறேன். கட்டபொம்மன் காலத்து அரசியலை எழுதுபவர்கள் அந்தக் காலத்து மழையையும் சேர்த்து எழுத வேண்டும். பாளையக்காரர்கள் வரி கட்ட முடியாமல் நின்ற ஆண்டுகளில் பருவம் எப்படி இருந்தது என்பது வரலாற்றுக் கேள்வியும்கூட. சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் தொடங்கும் வானிலைக் குறிப்புகளையும், 1736 முதல் 1761 வரை நீளும் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பையும், கப்பல் ஏடுகளையும் அருகருகே வைத்துப் படிக்க நம் பல்கலைக்கழகங்களில் ஆள் வேண்டும்.

வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலையும் உண்டு. 2010-இல் தொடங்கிய ‘ஓல்ட் வெதர்’ என்ற திட்டத்தில், முதல் உலகப் போர்க் காலத்துக் கடற்படை ஏடுகளை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் இணையத்தில் பார்த்துத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். அதே வகைத் திட்டங்கள் இன்றும் நடக்கின்றன. கோவில்பட்டிக் கல்லூரி மாணவர்கள் ஒரு செல்போனை வைத்துக்கொண்டே சேரலாம். அதைவிட அவசரமானது தூத்துக்குடியில் இருக்கிறது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர் அது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல்களின் குடும்பங்களும், மழைக் கணக்கு எழுதிய உப்பளங்களும், பழைய பஞ்சாலைகளும் அங்கே உண்டு. அக்டோபர், நவம்பரில் மன்னார் வளைகுடாவில் காற்று எப்படி வீசியது என்று எழுதிய ஒரு பழைய நோட்டு உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். 1901 முதல் இயங்கும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலோ அருகிலுள்ள கல்லூரியின் வரலாற்றுத் துறையிலோ காட்டுங்கள்.