இரண்டு முறை கரு கலைந்ததா? மூன்றாவது வரை காத்திருக்க வேண்டாம்!

“விடு கண்ணு, அடுத்தது நின்னுரும்.” கணபதி பக்கம் ஒரு வீட்டில் கரு கலைந்தால், பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

முதல் முறை என்றால், அது வெறும் ஆறுதல் இல்லை, பெரும்பாலும் உண்மையும்கூட. உறுதியான கர்ப்பங்களில் சுமார் 15 சதவிகிதம் கலைந்துவிடுகின்றன. தொடக்க மாதங்களில் கலைபவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம், கருவில் தற்செயலாக ஏற்படும் குரோமோசோம் கோளாறு. ஸ்கூட்டரில் போனதும் மாடிப்படி ஏறியதும் காரணம் இல்லை.

ஆனால், இரண்டாவது முறையும் கலைந்தால்?

மூன்று முறை கலைந்த பிறகே காரணம் தேடுவது பழைய வழக்கம். ஐரோப்பிய மருத்துவ அமைப்பான எஷ்ரே, 2017-லேயே இரண்டு போதும் என்றது. அவை அடுத்தடுத்து நடந்திருக்க வேண்டும் என்பதில்லை; இடையில் ஒரு குழந்தை பிறந்திருந்தாலும் கணக்கில் சேரும். பிரிட்டனின் 2023 வழிகாட்டுதல் மூன்று என்றே சொன்னாலும், தேவைப்பட்டால் இரண்டுக்குப் பிறகே பரிசோதிக்க டாக்டருக்கு இடம் தருகிறது. 10 வாரம் தாண்டி, நன்றாக வளர்ந்த சிசு இறந்திருந்தால், ஒரே முறை என்றாலும் டாக்டரிடம் காரணம் கேட்க வேண்டும்.

என்னென்ன பார்ப்பார்கள்?

* தைராய்டு, சர்க்கரை அளவு
* கர்ப்பப்பையின் அமைப்பை அறிய ஸ்கேன்
* ரத்தம் உறையும் தன்மையை அதிகரிக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனை. ‘பாசிட்டிவ்’ என்றால், 12 வாரம் கழித்து மறுபடி எடுத்தே உறுதி செய்வார்கள். உறுதியானால், அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரின், ஹெப்பாரின் தருவது வழக்கம். இவற்றை நீங்களாகத் தொடங்கக் கூடாது.
* தேவைப்பட்டால், கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை

கையோடு எடுத்துச் செல்ல வேண்டியவை

பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனையாவது வாரத்தில் கலைந்தது, இதயத்துடிப்பு வந்திருந்ததா என்பதைக் குறித்து வையுங்கள். இரண்டாவது முறை கலையும்போதே, கருத் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிறகு கேட்டால் திசு இருக்காது.

எல்லாம் பார்த்தும், ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. அது கெட்ட செய்தி இல்லை. அவர்களில் பெரும்பாலானோர் பிறகு குழந்தை பெறுகிறார்கள்.

பரிசோதனைக்குக் கணவரும் கூடவே போக வேண்டும். “யார்கிட்ட கோளாறு?” என்ற பேச்சு வீட்டில் எழாமல் இருக்க, அதுவே நல்ல தொடக்கம்.