கத்தி வேண்டாம் என்று சொன்ன கட்டுரைகள்

அறுவை சிகிச்சை ஆராய்ச்சியா, கேலிக்கூத்தா? 1996-இல் ‘லான்செட்’ இதழாசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டன் ஏறக்குறைய இப்படித்தான் தலைப்பு வைத்தார். முன்னணி அறுவை சிகிச்சை இதழ்களை அவர் புரட்டிப் பார்த்தபோது, கிட்டத்தட்டப் பாதிக் கட்டுரைகள் ஒரே ரகம்: ‘இத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்தோம், பெரும்பாலோர் நலம்.’ நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகள் 7 சதவீதமே. எலும்பு மூட்டுத் துறையும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான்.

இதில் என்ன கோளாறு? மூட்டுவலி ஏறும், இறங்கும். தாங்க முடியாத கட்டத்தில்தான் ஆள் மருத்துவரிடம் போகிறார். பிறகு அது தானாகவே தணிந்தாலும் நல்ல பெயர் கத்திக்குத்தான். போதாக்குறைக்கு, ஆபரேஷன் செய்தவரே பலனையும் அளக்கிறார். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துகிற மாதிரி.

இந்தப் பழக்கத்தை அசைத்தது ஹூஸ்டன் முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு. முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேர். நோயாளி தியேட்டருக்குள் வந்த பிறகுதான் உறை பிரிக்கப்படும். மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்வதா, கழுவி விடுவதா, ஒன்றுமே செய்யாமல் விடுவதா என்பது உள்ளே இருக்கும். மூன்றாவது சீட்டு வந்தால், டாக்டர் புரூஸ் மோஸ்லி தோலில் மூன்று சிறு கீறல்கள் மட்டும் போடுவார். கருவிகளை வழக்கம்போல் கேட்டு வாங்குவார், காலை மடக்கி நீட்டுவார். கழுவும் ஓசை வேண்டுமென்று உப்புநீரைக்கூடச் சலசலக்கவிட்டார்கள்! இப்படி நடக்கலாம் என்று நோயாளிகளுக்கு முன்பே சொல்லி, அவர்கள் கையாலேயே எழுதி வாங்கியிருந்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் 144 பேர் மறுத்துவிட்டதில் வியப்பில்லை.

முடிவு 2002 ஜூலையில் வந்தது. இரண்டு ஆண்டுகளில் எந்தக் கட்டத்திலும் நிஜ ஆபரேஷன், போலி ஆபரேஷனை மிஞ்சவில்லை. அன்று அமெரிக்காவில் ஆண்டுக்கு 6.5 லட்சம் பேருக்கு, ஆளுக்குச் சுமார் 5,000 டாலர் செலவில் நடந்துகொண்டிருந்த சிகிச்சை அது.

எதிர்ப்பு எழாமலா இருக்கும்? ‘ஒரே மருத்துவர், நோயாளிகளில் பெரும்பாலோர் ஆண்கள்’ என்றார்கள். ஆனால் காற்று திசை மாறிவிட்டது. 1889 முதல் வெளிவரும் அமெரிக்க எலும்பு மூட்டு இதழ் 2003 ஜனவரியில் கட்டுரைகளுக்கு ஆதாரத் தரம் குறிக்கத் தொடங்கியது. குலுக்கல் ஆய்வுக்கு முதல் தரம். ‘நான் செய்தேன், நலம்’ வகைக்கு நான்காவது. 2013-இல் பின்லாந்து மருத்துவர்கள் முழங்கால் ஜவ்வு கிழிந்த 146 பேரிடம் அதே பாணியில் சோதித்தார்கள். ஜவ்வை வெட்டியதும் வெட்டியதாக நடித்ததும் ஒரே பலன். பிறகு பிரிட்டனில் 32 மருத்துவமனைகள் சேர்ந்து தோள்பட்டை ஆபரேஷன் ஒன்றைச் சோதித்தபோதும் இதே கதைதான். 2017-இல் பி.எம்.ஜே. இதழின் நிபுணர் குழு, தேய்மான முழங்கால் மூட்டில் அநேகமாக யாருக்குமே ஆர்த்ராஸ்கோபி, அதாவது சிறு ஓட்டை வழியே செய்யும் ஆபரேஷன், வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது.

தங்கள் தொழில் வருமானத்தில் கை வைக்கும் ஆய்வைத் தாங்களே நடத்தி வெளியிட்ட மருத்துவர்களுக்குத் துணிச்சல் அதிகம். நம் ஊரில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரை எண்ணிக்கை பார்க்கிறார்கள். ஆனால் 2005 முதல் 2014 வரை இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332-இலிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. பெயருக்கு எழுதிய பத்துக் கட்டுரைகளைவிட மோஸ்லி செய்தது போல ஓர் ஆய்வு மேல் என்பேன்.

விளையாட்டில் அடிபட்ட இளைஞருக்கும், நீட்டவே முடியாமல் முழங்கால் பூட்டிக்கொண்டவருக்கும் இந்த ஆய்வு முடிவுகள் பொருந்தா. ஆனால் ஐம்பதைத் தாண்டிய உங்களிடம் ஸ்கேனைக் காட்டி, “ஜவ்வு கிழிந்திருக்கிறது, சின்ன ஓட்டை போட்டுச் சரிசெய்யலாம்” என்றால் உடனே தேதி குறிக்காதீர்கள். 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஜவ்வுக் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதத்தினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியே இல்லை. உடற்பயிற்சி, பிசியோதெரபியைவிட இந்த ஆபரேஷன் எனக்கு எந்த வகையில் மேல் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.