நெஞ்சு நோ வந்தால் முதலில் எங்கே போவது?

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு நோ என்றதும், பக்கத்து வைத்தியசாலையைத் தாண்டி ஓட்டோவில் நேரே யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ ஓடும் குடும்பங்கள் பல. "இங்கே என்ன வசதி இருக்கு?" என்று கேட்பார்கள். கூரையில்லாத வைத்தியசாலைகளைக் கண்டு வந்தவர்கள் அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் மாரடைப்பில் இந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய், இரத்தக் கட்டியால் அடைபடுவதே மாரடைப்பு. அடைப்புத் திறக்கும்வரை தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. செத்த தசை திரும்ப வராது. குழாய் செலுத்தி அடைப்பைத் திறக்கும் வசதி சில பெரிய வைத்தியசாலைகளிலேயே உண்டு. ஆனால் கட்டியைக் கரைக்கும் மருந்தை (ஸ்ரெப்டோகைனேஸ், ரெனெக்ரிப்ளேஸ்) ஆதார வைத்தியசாலைகளிலும் ஏற்றுகிறார்கள். நோ தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் ஏற்றலாம் என்றாலும், முதல் 2, 3 மணித்தியாலங்களில்தான் பலன் மிக அதிகம். அந்த மருந்து இல்லாத சிறிய பிரதேச வைத்தியசாலையிலும் அஸ்பிரின் குளிசையை மென்று விழுங்கத் தருவார்கள், ஈ.சி.ஜி. வசதி இருந்தால் எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு அம்புலன்சில் அடுத்த இடத்துக்கு அனுப்புவார்கள். ஓட்டோவுக்குள் துடிப்பு நின்றுபோனால் என்ன செய்வது?

நடுநெஞ்சில் பாரம் வைத்தாற்போல் நோ, அது இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர் வியர்வை, சத்தி, மூச்சு முட்டுதல் ஆகியவை அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நோவே இல்லாமலும் வரலாம். "வாய்வுதான்" என்று இஞ்சித் தேநீர் குடித்து விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990ஐ அழையுங்கள், இரவோ பகலோ, அம்புலன்சுக்குக் காசு இல்லை. நோயாளியை நடக்கவோ மோட்டார் சைக்கிள் ஓடவோ விடாதீர்கள்.

வைத்தியர் கேட்கும் முன்பே சில விடயங்களைச் சொல்லிவிடுங்கள்: நோ தொடங்கிய நேரம், முன்பு வந்த பாரிசவாதம், குடற்புண்ணால் இரத்தம் போனது, அண்மையில் செய்த சத்திரசிகிச்சை. கரைக்கும் மருந்து இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடியது என்பதால்தான் இவை தேவை. ஸ்ரெப்டோகைனேஸ் முன்பு ஏற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அதே மருந்தை ஒருவருக்கு இரண்டாம் முறை கொடுப்பதில்லை. வேறு மருந்து தேட வேண்டிவரும்.

இடம்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள் நம்மில் அநேகர். புதிய கொப்பி போட்டதும் முதல் வேலையாக அதைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பெரிய இடத்துக்குப் போகும் அவசரத்தில், மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே துண்டு வெட்டிக்கொண்டு போகாதீர்கள். அனுப்ப வேண்டிய நேரத்தில் வைத்தியரே அனுப்புவார்.